அரைப் பேர் போடாதீர்கள்

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘அரைப் பேர்’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்தும் சொன்ன கிலோ நிறையாவிட்டால் பாதிச் சம்பளம்தான். அப்படியான நாட்களில் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு யாரோடும் பேசமாட்டார். அதே நிறுவையைப் பிள்ளைகளின் விளையாட்டிலும் வைக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஹட்டன் பக்கம் பின்னேரங்களில் பிள்ளைகளை ஓடப் பழக்குகிறேன். அதில் ஒருத்திக்கு 13 வயது. தேயிலைக்கு நடுவே போகும் ஏற்றத்தில் ஓடிவந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “நேத்து பாலம் வரைக்கும்தான் நிக்காம வந்தேன் சேர், இன்னைக்குக் கோயில் வரைக்கும்!” என்பாள். யாரும் அவளுக்கு இலக்கு வைக்கவில்லை.

வலய மட்டப் போட்டியில் 800 மீட்டரில் நான்காவதாக வந்தாள். கூட்டிப் போனவர் எல்லார் முன்னாலும், “உன்னால பஸ் காசும் வீண்” என்று சொல்லிவிட்டார். இரண்டு கிழமை அவள் மைதானத்துப் பக்கமே வரவில்லை. கேட்டால் கால் நோவாம். அன்றைக்கு அவள் தன் பழைய நேரத்தில் 6 செக்கன் குறைத்திருந்தாள். அதை அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை!

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இதைப் பற்றிப் பல வருடங்கள் ஆராய்ந்தவர்கள். தானாக விரும்பிச் செய்கிறேன், என்னால் முடிகிறது, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற மூன்றும் கிடைத்தால்தான் ஊக்கம் உள்ளிருந்து வரும் என்கிறார்கள். அந்த ஒரே பேச்சில் மூன்றும் போய்விட்டன.

பரிசும் அப்படித்தான். 1973இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் படம் வரைய ஆசைப்பட்ட சிறு பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்றார்கள். அப்புறம் அந்தப் பிள்ளைகள் தாமாக வரையும் நேரம் மற்றவர்களுடையதில் பாதியளவுக்குக் குறைந்தது. நானும் ஒரு காலத்தில் “முதலாவதாக வந்தால் சப்பாத்து” என்று சொன்னவன்தான். இப்போது சொல்வதில்லை. சப்பாத்து இல்லாத பிள்ளைக்கு ஓட முன்பே சப்பாத்து கிடைக்க வேண்டும்.

அவளை வரச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. 6 செக்கன் கதையைச் சொல்லி, ஒரு கொப்பியைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தாள். இப்போது நேரத்தை அவளே எழுதுகிறாள். காட்டினால் மட்டும்தான் நான் பார்ப்பேன்.