இசக்கியம்மாள் என்றால் என்ன சிரிப்பு?

எங்கள் மகளுக்கு இசக்கியம்மாள் என்று பெயர் வைத்ததைக் கேலி செய்து நண்பர் ஒருவர் முகநூலில் போட்ட முந்தாநாள் பதிவை நானும் படித்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதை இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் போடாமல்தான் எழுதியிருக்கிறார். ஆனால் "தெற்கத்தி நண்பர்", "ஐ.டி. வேலை", "கைக்குழந்தைக்குக் கிராம தேவதையின் பெயர்" என்று இத்தனை அடையாளம் கொடுத்த பிறகு பெயர் எதற்கு? நானும் அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. மரியாதைக்கு மரியாதை.

"பெற்றோரின் கொள்கைக்குப் பிள்ளை பலி." இது அவருடைய வாக்கியம். கீழே வரிசையாகச் சிரிப்பு. ஒருவர், ஆதார் அட்டையில் வயதை எழுபது என்று போட்டுவிடப் போகிறார்கள் என்கிறார். நல்ல நகைச்சுவைதான். வேறு யார் வீட்டுப் பிள்ளையாவது என்றால் நானும் சிரித்திருப்பேனோ என்னவோ.

இதில் கொள்கை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் தலைப்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர்களின் பெயரை வைப்பது வழக்கம். ஆண் என்றால் தாத்தா, பெண் என்றால் ஆச்சி. எங்கள் தெருவில் நின்று "இசக்கி" என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து பதில் வரும். சுடலைமுத்து, பேச்சியம்மாள், மாடசாமி, முப்பிடாதி என்று எல்லோரும் இருந்தார்கள். யாரும் எதற்கும் பலியானதாக எனக்குத் தெரியவில்லை.

பழைய பெயர் என்பதுதான் குற்றம் என்றால் சரி, பேசலாம். ஆனால் சிரிப்பு பழமையைப் பார்த்து வரவில்லை. அவருடைய மகளுக்குச் சங்கப் பாடல்களில் தேடி ஒரு பெயர் வைத்தார். உண்மையிலேயே அழகான பெயர். நானும் வாழ்த்தினேன். இரண்டாயிரம் வருடப் பெயர் அங்கே பண்பாடு, இங்கே மட்டும் பலியா? சிலப்பதிகாரத்தில் ஆயர்குலத்து மாதரி மதுரைக்கு வெளியே இயக்கி என்கிற தெய்வத்துக்குப் பாற்சோறு படைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் சமணத் துறவியான கவுந்தியடிகளைக் காண்கிறாள். அந்த இயக்கிதான் எங்கள் இசக்கி என்று எனக்குச் சொன்னதே அவர்தான். டீக்கடையில் நின்றுகொண்டு அரைமணி நேரம் சொன்னார். நான் வாய் பிளந்து கேட்டேன்.

எங்கள் ஊர்க் கொடைக்கும், அதாவது அம்மன் கோயில் திருவிழாவுக்கும், வந்திருக்கிறார். கேமராவோடு வந்து எங்கள் வீட்டில்தான் தங்கினார். விடிய விடிய வில்லுப்பாட்டைப் பதிவு செய்தார். கையில் பிள்ளையை ஏந்தி நிற்கிற அம்மனைப் பக்கத்துக்குப் பக்கம் படம் எடுத்தார். அம்மா பீடித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அவருக்கு மீன் பொரித்துக் கொடுத்தாள். திரும்பிப் போனதும் "மண்ணின் தெய்வங்கள்" என்று நீளமாக எழுதினார், நீங்களும் இதயம் போட்டீர்கள். ஆக, இசக்கியைப் படம் எடுக்கலாம், அவளைப் பற்றிக் கட்டுரை எழுதலாம், கருத்தரங்கில் வாசிக்கலாம். தொட்டிலில் போட்டு அந்தப் பெயரைச் சொல்லித் தாலாட்டினால் மட்டும் சிரிப்பு வந்துவிடும்.

புதுப்பெயர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவரவர் பிள்ளை, அவரவர் விருப்பம். என் அக்கா மகனுக்கு ஆயில்ய நட்சத்திரம். ஜோதிடர் டி, டு, டே, டோ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டகரத்தில் சொல்லே தொடங்காது என்று தொல்காப்பியர் கைவிட்ட எழுத்து. அக்காவும் அத்தானும் இணையத்தில் பட்டியல் பட்டியலாகத் தேடி, கடைசியில் 'ஷ்' என்று முடிகிற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எண்கணிதக்காரர் ஆங்கிலத்தில் இன்னொரு எழுத்தைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தார்கள். இப்போது அவன் வகுப்பில் அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். டீச்சர் இனிஷியலைச் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார். அதற்கு யாரும் பதிவு எழுதவில்லை. அவனை யாரும் பலி என்று சொல்லவில்லை.

"பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே?" செய்யலாம். குழந்தைகளுக்கு எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று வீட்டில் யாரோ சொல்லிக் கொடுக்கிறார்களே, அவர்களிடம் கேளுங்கள். "வெளிநாடு போனால் உச்சரிக்க வராது." அவளுக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லை. விசா வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். "அவள் வளர்ந்த பிறகு பிடிக்காமல் போனால்?" பதினெட்டு வயதில் அரசிதழில் அறிவிப்புக் கொடுத்து மாற்றிக்கொள்ளட்டும். வேதாசலம் மறைமலையடிகள் ஆகவில்லையா? நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் ஆகவில்லையா? அதெல்லாம் அவர்களே தேர்ந்துகொண்ட பெயர்கள்.

ஒரே ஒரு வாதத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. மரியாதையான பெயரை வைத்துக்கொள்ளவே விடாமல் ஊர் அடக்கி வைத்திருந்த மக்கள் இன்று பிள்ளைகளுக்குப் பளபளப்பான பெயர் வைக்கும்போது, அதில் வாய் வைக்க எனக்கு உரிமை கிடையாது. போதும்பொண்ணு என்று பெயர் வாங்கிய பெண்களுக்கும் அப்படித்தான். பழைய பெயர்களையெல்லாம் காப்பாற்றப் புறப்பட்டவன் இல்லை நான். என் வீட்டுப் பெயர் ஒன்றைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

எனக்கு என் தாத்தாவின் பெயர். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அம்மா இன்றுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "அய்யா" என்றுதான் கூப்பிடுவாள். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று ஹெட்மாஸ்டர் "பையன் பேர் என்ன?" என்று கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல், பக்கத்தில் நின்ற மாமாவின் முகத்தைப் பார்த்திருக்கிறாள். இதில் எத்தனை அநியாயம் இருக்கிறது என்று என் மனைவி ஒரு மணி நேரம் பேசுவாள். சரியாகத்தான் பேசுவாள்.

அந்த மனைவிதான் இந்தப் பெயரை வைத்தாள். இதை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். "மனைவியின் விருப்பத்தைக் கேட்டாரா?" என்று அங்கே ஒருவர் உருகியிருந்தாரே, அவருக்காகவே சொல்கிறேன். அவள் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் வழக்கம் எதுவும் அவளைக் கட்டாது. நான் இரண்டு மூன்று நவீனப் பெயர்களை எழுதிக்கூட வைத்திருந்தேன். "அத்தை பேர்தான்" என்று முடித்துவிட்டாள்.

எதிர்த்தது யார் தெரியுமா? அம்மா. "என் பெயர் என்னோடு போகட்டும் அய்யா, பிள்ளைக்கு நாகரிகமாக வை" என்றாள். பீடிக் கம்பெனி பாஸ்புக்கிலும் ரேஷன் கார்டிலும் தவிர அந்தப் பெயருக்கு வேலையே இருந்ததில்லை என்பாள். சென்னைக்கு எங்களோடு வந்த புதிதில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சொன்னபோது அங்கே நின்ற இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து யார் கேட்டாலும் "அம்மாள்" என்று மட்டும் சொல்கிறாள். பாதிப் பெயரைத் தானே வெட்டிக்கொண்டுவிட்டாள். அந்தப் பெண்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நண்பரே, நீங்கள் அதையே பதிவாக எழுதியிருக்கிறீர்கள்.

அம்மாவுக்கு முகநூல் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். அக்கா மகன் படித்துக் காட்டிவிட்டான். அவள் கோபப்படவில்லை. "நான்தான் அப்போதே சொன்னேனே" என்றாள். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் அந்த ஒரு வரிக்காகத்தான். மற்றதெல்லாம் வாதம், இன்னும் பத்து வருடம் பேசலாம்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் பதிவாகிவிட்டது. மாற்றுவதாக இல்லை. இந்த வருடக் கொடைக்கும் வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். தாராளமாக வாருங்கள், அம்மா மீன் பொரிப்பாள். ஆனால் வீட்டில் இப்போது இரண்டு இசக்கியம்மாள் இருக்கிறார்கள், இரண்டு பேரையும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். கேமராவை வைத்துவிட்டு வந்தால் நல்லது.