கல்லீரலும் சிறுநீரகமும்

'லாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்தேன். (இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளலாம். 2010-இல் முடிந்த தொடர், இதற்கு மேலும் கதையைப் பொத்திப் பாதுகாக்க என்னால் ஆகாது.)

அதில் வரும் ஜான் லாக் பாத்திரத்தைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே விளக்கம்தான். 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், பிறக்கும்போது மனித மனம் வெற்றுத்தாள் என்றார். விமானம் நொறுங்கித் தீவில் விழுந்தவர்களும் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறார்கள். அதனால் அந்தப் பெயராம். சரி, மூன்றாவது எபிசோடின் தலைப்பே 'டாபுலா ராசா'தான், லத்தீனில் அந்த வெற்றுப் பலகை. ஆனால் அது மேலோட்டமான விஷயம்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது அப்பாவின் பெயர். தொடரில் லாக்கின் அப்பா ஆண்டனி கூப்பர். பாசம் காட்டியே மகனின் சிறுநீரகத்தை வாங்கிக்கொண்டு கம்பி நீட்டுகிற மகானுபாவர். பிற்பாடு அதே மகனை எட்டாவது மாடி ஜன்னல் வழியாகத் தள்ளியும் விடுகிறார்.

நிஜ லாக்கின் வாழ்க்கையிலும் ஓர் ஆண்டனி கூப்பர் உண்டு. ஆண்டனி ஆஷ்லி கூப்பர், பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, லாக்கை ஆதரித்த புரவலர். லாக் மருத்துவமும் படித்தவர். 1668-இல் கூப்பரின் கல்லீரலில் கட்டி வந்து உயிர் ஊசலாடியபோது, அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து கூடவே நின்றவர் அவர்தான். மயக்க மருந்தே இல்லாத காலம்! சீழ் வடிவதற்கு வயிற்றில் ஒரு குழாயைப் பொருத்தினார்கள். கூப்பர் அதற்குப் பின்னும் 15 வருடம் இருந்தார்.

அங்கே கூப்பரின் கல்லீரலைக் காப்பாற்றினார் லாக். இங்கே லாக்கின் சிறுநீரகத்தையே பறித்துக்கொள்கிறார் கூப்பர். இது தற்செயல் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். பெயரை ஒட்டிவிட்டு, கதையை அப்படியே தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள்.

நம்பிக்கை விஷயத்திலும் இதே வேலைதான். மனித அறிவைப் பற்றிய தன் நூலின் நான்காம் பதிப்பில், 1700-இல், நிஜ லாக் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தார். கடவுள் தன்னிடம் நேரே சொன்னதாகச் சாதிப்பவர்களை அதில் ஒரு பிடி பிடிக்கிறார். ஒருவர் எவ்வளவு உறுதியாக நம்பினாலும் அந்த உறுதியே ஆதாரம் ஆகிவிடாது என்பது அவர் கட்சி. தொடரின் லாக்கோ, தீவுதான் தன்னை அழைத்துவந்தது என்று கடைசிவரை நம்பிய ஆள். ஹ்யூம், ரூசோ என்று வேறு தத்துவவாதிகளின் பெயர்களும் தொடரில் உண்டு. அவை எனக்கு வெறும் லேபிளாகத்தான் பட்டன.

ஐந்தாவது சீசனில் லாக்கின் போலி பாஸ்போர்ட்டில் ஜெரமி பெந்தாம் என்று இருக்கும். 1832-இல் இறந்த நிஜப் பெந்தாம், அவரும் ஓர் ஆங்கிலத் தத்துவவாதி, தன் உடலை அறுத்துப் பாடம் நடத்தவும், பிறகு எலும்புக்கூட்டுக்கு உடை மாட்டி உட்கார வைக்கவும் எழுதிவைத்துவிட்டுப் போனவர். தலையைப் பதப்படுத்தியது சொதப்பிவிட்டதால் மெழுகுத் தலையோடு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இன்றும் உட்கார்ந்திருக்கிறார், உடம்பில் சொந்தத் துணிமணி. நம் லாக்கின் பிணத்தையும் தீவுக்குத் திரும்பும் காரியத்துக்காகத்தான் மறுபடி விமானத்தில் ஏற்றுகிறார்கள். ஆனால் சவப்பெட்டியில் அவர் காலில் கிடந்தது இன்னொருவனுடைய அப்பாவின் ஷூ.