ஜினி 25.5: செலவை அளந்துவிட்டு வருமானம் என்று பெயர் வைத்த கதை

2025 ஜூலையில் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு குறிப்பு வெளியிட்டது. வருமானச் சமத்துவத்தில் இந்தியா உலகிலேயே நான்காம் இடமாம். ஸ்லோவாகியா, ஸ்லோவேனியா, பெலாரஸ், அடுத்தது நாம். ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்ணுக்கு ஜினி என்று பெயர்: எல்லோருக்கும் சமம் என்றால் 0, எல்லாமே ஒருவருக்கு என்றால் 100. நமக்கு ஜினி 25.5, அமெரிக்காவுக்கு 41.8. ஆதாரம் உலக வங்கி. உடனே பாதிப் பேர் மார்தட்டினார்கள், மீதிப் பேர் பொய்க்கணக்கு என்றார்கள். எண் பொய்யில்லை. உலக வங்கியின் அறிக்கையில் அப்படியே இருக்கிறது. ஆனால் அது நம் குடும்பங்களின் செலவை வைத்துப் போட்ட ஜினி. அமெரிக்காவுடையது வருமானத்தை வைத்துப் போட்டது. ஒருவரின் எடையையும் இன்னொருவரின் உயரத்தையும் ஒப்பிட்டு யார் பெரியவர் என்று கேட்பது போல.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைக் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு தெருவில் ஐந்து வீடுகள். மாத வருமானம் முறையே 10, 20, 30, 40, 100 ஆயிரம். குறைந்ததிலிருந்து கூடியதாக அடுக்கி, ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 10 + 40 + 90 + 160 + 500 = 800. இதன் இரு மடங்கு 1,600. வீடுகளின் எண்ணிக்கையை மொத்த வருமானத்தால் பெருக்கினால் 5 × 200 = 1,000. 1,600-ஐ 1,000-ஆல் வகுத்தால் 1.6. அதில் 6/5, அதாவது 1.2 போக மிச்சம் 0.40. நூறால் பெருக்கிச் சொன்னால் ஜினி 40.

இப்போது அதே வீடுகளின் செலவு. முதல் வீடு கைமாற்று வாங்கி 12 ஆயிரம் செலவழிக்கிறது. அடுத்த மூன்றும் 20, 27, 33. ஐந்தாம் வீடு 58 ஆயிரம் செலவழித்துவிட்டு, மீதி 42 ஆயிரத்தை மனையிலும் தங்கத்திலும் மியூச்சுவல் ஃபண்டிலும் போடுகிறது. அதே சூத்திரப்படி இப்போது ஜினி 28. தெருவில் யாருடைய சம்பளமும் ஒரு பைசா மாறவில்லை. ஏழையின் கடனும் பணக்காரரின் சேமிப்பும் சேர்ந்து இடைவெளியைச் சுருக்கிக் காட்டிவிட்டன.

கதை இதோடு முடிவதில்லை. ஐந்தாம் வீட்டில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை, களப்பணியாளர் நான்கு வீட்டுக் கணக்கோடு திரும்பிவிட்டார் என்று வையுங்கள். நான்கு வீட்டுச் செலவுக்கு மட்டும் போட்டால் ஜினி 19. பெலாரஸே நமக்குப் பின்னால்!

25.5 என்ற எண்ணுக்கு அடிப்படையான 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை இந்தக் கண்ணோடு பாருங்கள். சுமார் 2.6 லட்சம் குடும்பங்களிடம் கேட்டது. கிராமப்புறத்தில் அடித்தட்டு 5 சதவீதத்தினரின் தலைக்கு மாதச் செலவு 1,373 ரூபாய். நகர்ப்புறத்தின் உச்சி 5 சதவீதத்துக்கு 20,824. நான்கு பேர் குடும்பம் என்றால் சுமார் 83 ஆயிரம். நாட்டின் நகரங்களிலேயே மேல்தட்டின் சராசரி இவ்வளவுதான் என்றால், இரண்டு கோடி ரூபாய் ஃபிளாட்டுகளை யார் வாங்குகிறார்களோ? புள்ளியியல் துறைக்கும் இது தெரியும். அதனால்தான் நகர்ப்புற மாதிரியை எடுக்கும்போது 10 லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள கார் வைத்திருப்பவர்களைத் தனிப் பிரிவாக்கினார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் வீட்டைத் தேர்ந்தெடுப்பது ஒன்று, உள்ளே உட்கார்ந்து பதில் வாங்குவது வேறு.

2011-12-இல் 28.8 இருந்தது 25.5 ஆகிவிட்டதே என்பார்கள். அப்போது கேட்ட பொருள்கள் 347, இப்போது 405. அப்போது ஒரே தடவை போனார்கள், இப்போது மூன்று தடவை. மாதிரி எடுக்கும் முறையும் மாறியிருக்கிறது. தராசையே மாற்றிவிட்டு எடை குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

இதில் எனக்கு எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. உலக வங்கியின் அதே அறிக்கையில், 25.5-க்குப் பக்கத்திலேயே, தரவுக் குறைபாட்டால் ஏற்றத்தாழ்வு குறைவாகத் தெரியக்கூடும் என்றும், உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி இந்திய வருமான ஜினி 2004-இல் 52, 2023-இல் 62 என்றும் இருக்கிறது. மேற்கோள் காட்டியவர்கள் பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதற்காக 62-ஐத் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய நான் தயாரில்லை. அது வருமான வரிப் புள்ளிவிவரத்தையும் கணக்கெடுப்புகளையும் ஒட்டுப்போட்டு எடுத்தது. இங்கே வரி கட்டுவோர் சிறு கூட்டம், விவசாய வருமானத்துக்கு வருமான வரியே இல்லை. ஒட்டுப்போடும் இடத்தில் அனுமானங்கள் நிறைய. ஆனால் வீடு வீடாகப் போய் வருமானத்தையே கேட்ட இந்திய மனித மேம்பாட்டு ஆய்விலும் ஜினி 50-ஐத் தாண்டித்தான் வந்தது. நாம் ஸ்லோவேனியா இல்லை என்று சொல்ல அது போதும்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ரேஷன் அரிசி, பள்ளிச் சீருடை, மிதிவண்டி, மடிக்கணினி ஆகியவற்றுக்கு விலை போட்டுச் சேர்க்கும் ஒரு கணக்கு 2022-23-இல் உண்டு. இலவசக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் அப்படி விலை போடவில்லை. அரசு மருத்துவமனையில் காசில்லாமல் நடந்த பிரசவம் இந்தக் கணக்கில் பூஜ்யம். கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்குக் கட்டினால் அது 'செலவு', அந்தக் குடும்பம் வசதியானதாகத் தெரியும்! தமிழ்நாடு போல அரசுப் பள்ளியும் ஆரம்பச் சுகாதார நிலையமும் ஓரளவு ஒழுங்காக நடக்கும் மாநிலத்தை ரூபாய்க் கணக்கு குறைத்தே மதிப்பிடும்.

'முதலில் வளரட்டும், ஏற்றத்தாழ்வு பிறகு தானாக இறங்கும்' என்றும் சிலர் வாதிடுவார்கள். அந்த வாதம் பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ் 1955-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. அவர் கையில் இருந்தது அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி எனச் சில நாடுகளின் தரவு மட்டுமே. இதில் 5 சதவீதம் தகவல், 95 சதவீதம் ஊகம் என்று அவரே ஒளிக்காமல் எழுதினார். அவர் பெயரைச் சொல்பவர்கள் அந்த வரியைச் சொல்வதில்லை. தைவான் 1949-இல் குத்தகையை விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டியது, 1953-இல் உழுதவனுக்கு நிலம் கொடுத்தது. தென்கொரியா 1950 வாக்கில் ஒரு குடும்பத்துக்குச் சுமார் 3 ஹெக்டேர் என்று நில உச்சவரம்பு வைத்தது. இரண்டும் பங்கிட்ட பிறகுதான் தொழில்மயமாகி வேகமாக வளர்ந்தன. பங்கீடு வளர்ச்சியைக் கெடுக்கும் என்பவர்கள் இந்த இரண்டு நாடுகளுக்கும் பதில் சொல்லட்டும்.

2026-இல் தேசிய அளவில் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு நடத்துவதாகப் புள்ளியியல் அமைச்சகம் அறிவித்திருக்கிறது. சுலபமான வேலை இல்லை. முன்பு சோதனையாகச் செய்து பார்த்தபோது, சொன்ன வருமானம் செலவும் சேமிப்பும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக வந்தது. மக்கள் பொய் சொல்வது மட்டும் காரணமில்லை. நெல் விற்ற பணத்தில் விதை, உரம், கூலி, டிராக்டர் வாடகை போக என்ன நின்றது என்று விவசாயிக்கே சட்டென்று தெரியாது. மளிகைக்கடைக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போன பருப்பு எந்தக் கணக்கிலும் வராது. எனவே வினாத்தாளில் மொத்தமாக 'மாத வருமானம் எவ்வளவு' என்று கேட்டிருக்கிறார்களா, அல்லது கூலி, சாகுபடி, கடை, வாடகை, வட்டி, டிவிடெண்ட் என்று பிரித்துக் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கூடவே, பதில் சொல்ல மறுத்த வீடுகள் எத்தனை, எந்தப் பகுதியில் என்ற அட்டவணையை வெளியிடுகிறார்களா என்றும்.