‘கஞ்சத்தனம்’ என்ற அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள்

சனிக்கிழமை நம் குழுவில் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். பெயர்களை எழுதப் போவதில்லை. ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள், இரண்டு குழந்தைகள், மொத்தம் ஆறு பேர். ஃபுளோரிடாவில் இருக்கிற டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம், உள்ளே டிஸ்னியின் ஓட்டலில் தங்காமல் வெளியே இரண்டு படுக்கையறை உள்ள இடம் எடுக்கலாமா என்று ஒரு தங்கை கேட்டார். கேள்வி அவ்வளவுதான். “இவ்ளோ தூரம் பெத்தவங்கள கூட்டிட்டு வந்து ரூம்ல கஞ்சத்தனமா? வெளிய தங்கினா டிஸ்னி போனதாவே கணக்கில்ல” என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். ராத்திரிக்குள் அந்தப் பெண் கேள்வியையே அழித்துவிட்டார்.

அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. ஆறு பேராக, அதிலும் பெரியவர்களோடு போகிற குடும்பத்துக்கு வெளியே தங்குவதுதான் நல்ல ஏற்பாடு. பணம் மிச்சமாகாவிட்டாலும் நல்ல ஏற்பாடுதான்.

முதலில் படுக்கையைப் பாருங்கள். டிஸ்னியின் விலை குறைந்த ஓட்டல்களில் சாதாரண அறை நாலு பேருக்கானது. மூன்று வயது நிரம்பாத குழந்தை தொட்டிலில் படுத்தால் கணக்கில் வராது. ஆறு பேர் என்றால் இரண்டு அறை எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்ட் ஆஃப் அனிமேஷன், ஆல் ஸ்டார் மியூசிக் என்கிற டிஸ்னி ஓட்டல்கள் இரண்டிலும் இருக்கிற ஃபேமிலி சூட். அந்த சூட்டில் குளியலறை இரண்டு உண்டு, நல்ல விஷயம். ஆனால் கதவு போட்ட படுக்கையறை ஒன்றுதான். மற்ற நாலு பேருக்கு ஹாலில் ஒரு சோபாக் கட்டில், சுவரிலிருந்து இறக்குகிற ஒரு கட்டில். ராத்திரி மூன்று முறை பாத்ரூம் போகிற அப்பாவை சோபாவில் படுக்க வைப்பீர்களா? அவருக்கு அறையைக் கொடுத்தால் அம்மாவும் அவரும் உள்ளே, நீங்கள் நாலு பேரும் ஹாலில். ஒன்றிரண்டு ராத்திரி ஓட்டலாம். ஆறு ராத்திரி ஓட்ட முடியாது. வெளியே கிஸ்ஸிமி பக்கம் 192-ஆம் நம்பர் சாலையிலும், லேக் பூனா விஸ்டாவிலும், டேவன்போர்ட்டிலும் இரண்டு, மூன்று படுக்கையறை வீடுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. தாத்தா பாட்டிக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை. இதற்குப் பெயர் கஞ்சத்தனமா?

அடுத்தது சமையல். டிஸ்னியின் சாதாரண அறையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜும் காபி போடும் மெஷினும் இருக்கும். அடுப்பு கிடையாது. “சைவச் சாப்பாடு எல்லா இடத்துலயும் கிடைக்குது, அனிமல் கிங்டம் லாட்ஜ் ஓட்டல்ல சானா ரெஸ்டாரன்ட் இருக்கு, நானும் சட்னியும் தர்றாங்க” என்பீர்கள். உண்மை, ஒரு வேளைக்கு அருமையான இடம். ஆறு நாளும் காலையில் எழுந்து மாத்திரை போடுவதற்கு முன்னால் இரண்டு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ வேண்டும் என்கிற சர்க்கரை நோயாளிக்கு சானா என்ன செய்யும்?

வீடு எடுப்பவர்கள் ‘கிச்சன்’ என்று போட்டிருப்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ‘கிச்சனெட்’ என்றால் பல இடங்களில் மைக்ரோவேவும் சிங்க்கும் மட்டும்தான். அடுப்பின் படத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடித் தட்டு போட்ட மின்சார அடுப்பாக இருக்கும். அதில் அடி உருண்ட வாணலி சரியாகச் சூடேறாது, அடி தட்டையான குக்கர்தான் வேண்டும், எடுத்துக்கொண்டு போங்கள். அடுப்புக்கு மேலே இருக்கிற விசிறி சில வீடுகளில் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும். அங்கே கடுகும் மிளகாயும் தாளித்தால் இரண்டாவது நிமிடத்தில் புகை அலாரம் அலறும். எண்ணெயைப் புகைய விடாமல், விசிறியை முதலிலேயே போட்டு, ஜன்னல் திறக்கும் என்றால் அதையும் திறந்துவிட்டுத் தாளியுங்கள்.

சமைத்ததைப் பூங்காவுக்குள் கொண்டுபோகவும் தடை இல்லை, இது பலருக்குத் தெரியவில்லை. டிஸ்னி வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கிறது. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, மது கூடாது, உள்ளே சூடு பண்ண வேண்டிய உணவு கூடாது, கூலர் 24க்கு 15க்கு 18 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. உதிரி ஐஸ் கட்டியும் கூடாது, ஐஸ் பேக் வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், பிளாஸ்டிக் டப்பாவில் ஊறுகாய். குளிர்ந்த தண்ணீர் உள்ளே கவுன்டர் வைத்து உணவு விற்கிற கடைகளில் இலவசம், கேட்டால் கப்பில் தருவார்கள். குழந்தைக்குத் தள்ளுவண்டி கொண்டுபோகலாம், 31 அங்குல அகலம், 52 அங்குல நீளம் வரை. இழுத்துப் போகிற வேகனுக்கு 2019-லிருந்து அனுமதி இல்லை. வாசலில் வந்து வாதாடிப் பயனில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். அதற்குத்தானே அந்த வார்த்தை.

உள்ளே தங்கினால் கிடைப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பூங்காவில் கார் நிறுத்தக் கட்டணம் இல்லை. வெளியிலிருந்து வந்தால் நாளொன்றுக்குச் சுமார் 30 டாலர். ஒருமுறை கட்டினால் அன்று மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று டிஸ்னியின் நாலு பூங்காவிலும் செல்லும். நாலு நாள் பூங்கா என்றால் 120 டாலர். டிஸ்னி ஓட்டல்களில் வாடகைக்கு மேல் வசதிகளுக்கென்று போடுகிற ரிசார்ட் கட்டணமும் கிடையாது, ராத்திரி காரை நிறுத்தவும் பணம் இல்லை. வெளியே பல இடங்களில் இரண்டும் உண்டு. ஆகவே வெளி ஓட்டலின் வாடகையோடு ரிசார்ட் கட்டணம், வரி, ஓட்டலில் கார் நிறுத்தும் கட்டணம், பூங்காவின் 120, இத்தனையையும் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள். வரி லேக் பூனா விஸ்டா இருக்கிற ஆரஞ்சு கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) 12.5 சதவீதம், கிஸ்ஸிமி இருக்கிற ஆஸியோலா கவுண்டியில் 13.5. கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் 2025 மே 12 முதல் விதி இருக்கிறது. அதனால் ரிசார்ட் கட்டணம் கடைசிப் பக்கத்தில் குதிப்பது இப்போது குறைந்திருக்கிறது. ஆனால் வரியும் கார் நிறுத்தும் கட்டணமும் அதில் அடங்க வேண்டியதில்லை. வீடு எடுத்தால் துப்புரவுக் கட்டணம் ஒரு தடவை, தங்குகிற ராத்திரிகளால் அதை வகுத்துப் பாருங்கள். குளத்துத் தண்ணீரைச் சூடாக்கப் பல வீடுகளில் தனிப் பணம். சின்னப் பிள்ளை இருந்தால் குளத்துக்குப் போகிற கதவில் அலாரமோ சுற்றி வேலியோ இருக்கிறதா என்று கேட்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள்.

இத்தனையும் கூட்டின பிறகும் உள்ளே இரண்டு அறைக்கு எதிரே வெளியே ஒரு வீடு என்று வைத்தால், ஆறு பேருக்கு வெளியேதான் குறையும். நாலு பேர், கார் இல்லை, மூன்று ராத்திரிதான் என்றால் உள்ளே தங்குவது சரியாக இருக்கலாம், மறுக்கவில்லை. அதே ஊர்ப் பக்கம் இருக்கிற இன்னொரு கம்பெனியின் யுனிவர்சல் பூங்காக்களில் கணக்கே வேறு. அங்கே மூன்று பிரீமியர் ஓட்டல்களில் அறையோடு நீள வரிசையைத் தவிர்க்கிற எக்ஸ்பிரஸ் பாஸ் சேர்ந்து வருகிறது, 2025-இல் திறந்த எபிக் யுனிவர்ஸுக்கு மட்டும் அது செல்லாது. பழைய இரண்டு பூங்காக்களுக்குப் போகிறவர்கள் அதையும் கூட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தங்கை கேட்டது ஆறு பேருக்கு, டிஸ்னிக்கு.

“அரை மணி நேரம் முன்னாடியே உள்ள விடுவாங்களே?” ஆமாம், நாலு பூங்காவிலும் தினமும் அரை மணி. மேஜிக் கிங்டமில் அந்த நேரத்தில் ஃபேன்டஸிலாண்ட், டுமாரோலாண்ட் என்கிற இரண்டு பகுதிகள்தான் திறந்திருக்கும். அதில் பலன் வேண்டுமென்றால் அந்த அரை மணிக்கும் முன்னாலேயே வாசலில் நிற்க வேண்டும். தாத்தா பாட்டியைக் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, அந்த நேரத்துக்குக் கிளப்ப முடிகிற வீடுகள் எத்தனை? ராத்திரி கூடுதல் நேரம் என்பதோ விலை உயர்ந்த டீலக்ஸ் ஓட்டல்காரர்களுக்கு மட்டும், அதுவும் சில நாட்களில் மட்டும். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்கிற கடைவீதிப் பக்கத்தில் டிஸ்னிக்குச் சொந்தமில்லாத சில ஓட்டல்களுக்கும் அந்தக் காலை அரை மணி கொடுக்கிறார்கள். காலத்துக்குக் காலம் நீட்டிக்கிற சலுகை அது, நீங்கள் தங்கும் தேதியைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கட்டி நீள வரிசையைத் தவிர்க்கிற லைட்னிங் லேன் விஷயத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு லாபம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் 7 நாள் முன்னால் தங்கும் நாட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதியலாம், நாம் ஒவ்வொரு நாளுக்கும் 3 நாள் முன்னால், காலை 7 மணிக்கு. ஸ்லிங்கி டாக் டாஷ் போன்ற ரைடுகளுக்கு இடம் அதற்குள் தீர்ந்துபோகலாம். ஆனால் பாட்டி எதில் ஏறப்போகிறார்? சின்னவன் 38 அங்குலம் இல்லையென்றால் அவனையும் ஸ்லிங்கியில் ஏற்ற மாட்டார்கள். ரைடர் ஸ்விட்ச் கேட்டுக்கொண்டால் ஒருவர் குழந்தையோடு இருக்க, மற்றவர் போய்வந்து, பிறகு இவர் மறுபடி நீள வரிசையில் நிற்காமல் போகலாம். அதற்கு எங்கே தங்குகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

“மத்தியானம் ரூமுக்கு வந்து தூங்கிட்டுப் போலாமே?” இதுதான் எனக்கு மிகவும் எரிச்சல் தருகிற வாதம், ஏனென்றால் பாதிதான் உண்மை. கன்டெம்பரரி என்கிற டிஸ்னி ஓட்டலில் தங்கினால் மேஜிக் கிங்டமுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே தங்குகிற வசதி எத்தனை பேருக்கு? ஆல் ஸ்டாரிலிருந்து பஸ்தான். மத்தியான வெயிலில் நின்று, மடக்கின தள்ளுவண்டியை ஒரு கையிலும் தூங்குகிற பிள்ளையைத் தோளிலும் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் மூன்றிலும் கார் நிறுத்துமிடம் வாசலுக்கு எதிரேதான். வெளியே வந்து, ஏசியைப் போட்டு, சாலை நெரிசல் இல்லாவிட்டால் கால் மணியில் லேக் பூனா விஸ்டா.

மேஜிக் கிங்டம் மட்டும் விதிவிலக்கு, அதை மறைக்க மாட்டேன். அங்கே காரை வாசலில் நிறுத்த முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் டிடிசி (டிரான்ஸ்போர்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டர்) என்கிற நிலையத்தில் நிறுத்திவிட்டு, ஃபெர்ரியிலோ மோனோரயிலிலோ அக்கரைக்குப் போக வேண்டும். ஊபர் டாக்சியில் வந்தாலும் டிடிசியில்தான் இறக்குவார்கள். ஓட்டல் பஸ்கள் நேராக வாசலுக்கே போகும். வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் படகுத்துறைக்கு வரும், பெரியவர்கள் அங்கே நின்று நின்று களைத்துப் போவார்கள். கடைசி வெடி வரை நிற்காமல் பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள். ஏரியின் இந்தக் கரையிலிருந்தே வானத்தில் வெடிப்பது தெரியும். பெரியவர்களுக்கு உட்கார்ந்து பார்க்க அதுதான் வசதி. காலையில் இறங்கியதும் வரிசை எண்ணையும் பகுதிப் பெயரையும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

பூங்காவுக்குள் வாடகைக்கு எடுக்கிற சக்கர நாற்காலியை ஓட்டலுக்குக் கொண்டுபோக முடியாது. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வெளியே நாள் வாடகைக்கு எடுத்து டிக்கியில் மடக்கிப் போடுகிற இலகுவான நாற்காலிதான் தோது. அதற்கும் கார் வேண்டும்.

“காருக்கும் செலவுதானே” என்பவர்களுக்கு: விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஓட்டலுக்கு இலவச பஸ் விட்ட காலம் 2021-ஓடு முடிந்துவிட்டது. ஆறு பேர், ஆறு பெட்டி என்றால் உள்ளே தங்குகிறவர்களும் வேன் பிடிக்க வேண்டியவர்கள்தான். ஃபுளோரிடா சட்டப்படி ஐந்து வயது வரை குழந்தை இருக்கை கட்டாயம். வாடகைக் கார் எடுத்தால் விமான நிலையத்திலேயே இலவசமாகத் தருகிற விசிட்டர் டோல் பாஸை வாங்கிக் கண்ணாடியில் மாட்டுங்கள். 417 போன்ற சுங்கச் சாலைகளில் கார் கம்பெனிகள் சுங்கத்துக்கு மேல் போடுகிற தினக் கட்டணம் மிச்சம். திரும்பும்போது மறக்காமல் பெட்டியில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அபராதம். வெளி ஓட்டல்களின் இலவச ஷட்டிலை மட்டும் நம்பாதீர்கள். பல இடங்களில் நாளுக்கு இரண்டு மூன்று நடைதான், முன்பதிவும் வேண்டும். கடைசி நடை எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதை வாணவேடிக்கை நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவையும் எழுதின பிறகும் அந்த ஒரு வார்த்தைதான் நெஞ்சில் நிற்கிறது. பெற்றவர்களுக்கு விசா எடுத்து, இன்ஷூரன்ஸ் கட்டி, லீவு சேர்த்து, கையிலிருக்கிற காசுக்கு ஏற்றபடி ஒரு பயணத்தைத் திட்டம் போடுகிற பெண்ணை எல்லோர் முன்னாலும் கஞ்சம் என்கிறோம். ஓட்டல் பெயரை வைத்துப் பாசத்தை அளக்கலாம் என்று யார் சொல்லிக்கொடுத்தது? அந்த அம்மாவுக்கு அறைச் சுவரில் என்ன பொம்மை வரைந்திருக்கிறது என்பதா முக்கியம்? பேத்தி பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும், காலையில் ஒரு டம்ளர் காபி தன் கையால் கலந்து குடிக்க வேண்டும். இதைக் கொடுக்க நினைத்தவரைத்தான் வாயடைக்க வைத்தீர்கள். தெரியாமல் சொன்னேன் என்றால் பரவாயில்லை, தெரியாமல்தான் சொல்லியிருப்பீர்கள். அங்கேயே வந்து அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள்.

தங்கச்சி, நீங்கள் இதைப் படித்தால், கேள்வியை மறுபடி போடுங்கள். வீட்டைப் பிடிப்பதற்கு முன்னால் ‘டிஸ்னிக்குப் பத்தே நிமிடம்’ என்கிற விளம்பரத்தை விட்டுவிட்டு, மேப்பில் டிடிசியைப் போட்டு, வேலை நாள் காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். டிஸ்னி நிலத்தின் எல்லைக்கும் பூங்கா வாசலுக்கும் நடுவிலேயே பத்து நிமிடம் ஓடும். அப்பாவுக்கு மாடிப்படி ஆகாது என்றால், படுக்கையறை ஒன்று கீழ்த்தளத்தில், குளியலறை ஒட்டியபடி வேண்டும் என்று பதியும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.