கைப்பேசிப் பழக்கத்துக்கு மன உறுதியை மட்டும் குறை சொல்லலாமா?

எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருப்பவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று கடிந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. இதில் எனக்கு உடன்பாடில்லை. மணி பார்க்க எடுத்த கைப்பேசியில் ஓர் அறிவிப்பு கண்ணில் பட, அதைத் தொட்டு, அங்கிருந்து ஒரு காணொளிக்கும் அடுத்த காணொளிக்கும் போய், கடைசியில் மணி என்னவென்று பார்க்காமலேயே கீழே வைத்துவிடுகிறோமே, அதில் நம் உறுதி சோதிக்கப்பட்ட கணம் என்று எதைச் சொல்வது?

உளவியலாளர் ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டிலேயே விலங்குகளை வைத்துக் காட்டிய உண்மை ஒன்று உண்டு. பலன் ஒவ்வொரு முறையும் கிடைப்பதைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி கிடைக்கும்போதுதான் ஒரு பழக்கம் மிகப் பிடிவாதமாக ஒட்டிக்கொள்கிறது. திரையைக் கீழே இழுத்துப் புதுப்பிக்கும்போது நாம் எதிர்பார்ப்பதும் அப்படிப்பட்ட பலனைத்தான். முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். அதற்கு முன்பு அடுத்த பக்கத்துக்குப் போக ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது; போதும் என்று எழுந்துவிட அந்த ஒரு நொடி இடம் கொடுத்தது.

இதற்காக எல்லோரையும் 'அடிமைகள்' என்று அழைப்பதும் சரியல்ல. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் மின்விளையாட்டுக் கோளாறு, அதாவது வீடியோ கேம் ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாத நிலை, இடம்பெற்றிருக்கிறது. கைப்பேசி அடிமைத்தனம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆனாலும் அந்தக் கோளாறுக்குச் சொல்லப்படும் அடையாளங்கள் நமக்கும் உதவும்: கட்டுப்பாடு கைநழுவுவது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது. தொழிலுக்காக ஆறு மணி நேரம் திரையைப் பார்ப்பவரைவிட, இரவில் தூக்கத்தைத் தொலைத்து இரண்டு மணி நேரம் பார்ப்பவரைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன்.

ஆப்பிளும் கூகுளும் 2018இல் பயன்பாட்டு நேரத்தைக் கணக்கிட்டு வரம்பு வைக்கும் வசதிகளைக் கொண்டுவந்தன. பயனுள்ளவைதான். ஆனால் ஐபோனில் நாமே வைத்த வரம்பு முடிந்ததும், இன்றைக்கு மட்டும் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று தள்ளிவிடும் வழியும் அதே திரையில் காத்திருக்கிறது. ஆகவே, எடுப்பதையே சற்றுச் சிரமமாக்கும் ஏற்பாடுகளில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போட்டு, எழுவதற்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரத்தை வைத்துக்கொண்டால், படுக்கையில் கை நீட்டி எடுக்கும் வழக்கம் தானாகவே குறையும். மனிதர்கள் நேரடியாக நமக்கு அனுப்பும் அழைப்புகளையும் செய்திகளையும் தவிர மற்ற அறிவிப்புகளை அணைத்துவிடலாம். அதிகம் இழுக்கும் செயலியை நீக்கிவிட்டு, தேவைப்படும்போது உலாவியில் கடவுச்சொல் கொடுத்து நுழையலாம்.

இவை எல்லாம் செய்தும் கை தேடுகிறதென்றால், எந்த நேரத்தில் தேடுகிறது என்று கவனிப்பது அவசியம். கடினமான வேலையைத் தொடங்க அஞ்சும்போதா, யாரும் பேசக் கிடைக்காத தனிமையிலா? தனிமையில் இருப்பவரிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்குவது அவருக்கு இருக்கும் ஒரே துணையையும் பறிப்பதாகிவிடும். அவரிடம் மணிக்கணக்கை விசாரிப்பதற்கு முன்பு, அவரோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். தூக்கமும் படிப்பும் வேலையும் தொடர்ந்து கெட்டுக்கொண்டிருந்தால், தயங்காமல் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்கலாம். எண்ணத்தையும் நடத்தையையும் சீர்படுத்தும் பேச்சுவழிச் சிகிச்சைகள் இதற்கும் கைகொடுக்கின்றன.