கூட்டம் சேர்க்க வந்தவரா டோனி ஸ்டோன்?

டோனி ஸ்டோன், 1950-களில் அமெரிக்காவில் ஆண்களின் தொழில்முறை பேஸ்பால் அணியில் ஆடிய கறுப்பினப் பெண். நேற்று அவரைப் பற்றி ஒரு வாக்குவாதம். "அந்தப் பெண்ணைக் கூட்டம் சேர்க்கத்தானே எடுத்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் நண்பர். அதன் கீழே விழுந்த சிரிப்புகள் இரவெல்லாம் உறுத்தின.

ஆமாம், கூட்டம் சேர்க்கத்தான் எடுத்தார்கள். யார் மறைத்தது? 1947-இல் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன், பல பத்தாண்டுகளாகக் கறுப்பினத்தவரைச் சேர்க்காத உயர்மட்டத் தொடரான மேஜர் லீகுக்குப் போன பிறகு நல்ல கறுப்பின ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். ரசிகர்களும் பின்னாலேயே போனார்கள். கறுப்பினத்தவருக்கென இருந்த நீக்ரோ அமெரிக்கன் லீகின் மைதானங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. அந்த லீகில் ஆடிய இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் அணியின் உரிமையாளர் சிட் பொல்லாக் 1953-இல் ஸ்டோனை ஒப்பந்தம் செய்தது அதனால்தான். ஆனால் எடுத்த காரணம் முதலாளியுடையது. ஆடிய ஆட்டம் ஸ்டோனுடையது. பாவாடை அணிந்து ஆடச் சொன்னபோது முடியாது என்றவர் அவர். ஆண்கள் அணிந்த அதே சீருடையில்தான் ஆடினார். வேடிக்கை காட்ட வந்தவர் ஏன் மறுக்க வேண்டும்?

அவர் நின்றது இரண்டாம் பேஸில். பேஸ் என்பது ஓடுபவர் தொட்டாக வேண்டிய இடம். முதல் பேஸிலிருந்து ஓடிவருபவன் ஆணி பதித்த காலணியை நீட்டிக்கொண்டு சறுக்கி வருவான். அதற்கு அஞ்சாமல் பந்தைப் பிடித்து, திரும்பி, முதல் பேஸுக்கு எறிய வேண்டும். அவரைக் குறிவைத்தே சறுக்கினார்கள். மணிக்கட்டுத் தழும்பை அவரே பின்னாளில் காட்டியிருக்கிறார். கூட்டம் சேர்க்க வந்தவருக்கா அந்தக் காயம்?

"மொனார்க்ஸ் அணியில் பெஞ்சில்தானே இருந்தார்" என்பீர்கள். 1954-இல் அவர் மாறிப்போன அந்த அணியில் பெரும்பாலும் உட்கார வைத்தார்கள், உண்மை. பொறுக்காமல் அந்தப் பருவத்தோடு விலகினார். உட்கார வைத்ததை ஆடத் தெரியாததற்குச் சான்றாக்காதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது? பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவள் நான். இறுதி ஆட்டத்தில் வென்று, முழங்கால் சிராய்ப்போடு வரிசையில் நிற்கிறோம். பரிசளிக்க வந்த பெரியவர் ஒலிபெருக்கியில், "பெண் பிள்ளைகள் ஓடுவது பார்க்கவே அழகு" என்றார். நாங்கள் வென்றதைக்கூடச் சொல்லவில்லை.

"பெண்களுக்கென்றே ஒரு லீக் இருந்ததே, அங்கே போயிருக்கலாமே" என்கிறார் இன்னொருவர். 1943 முதல் 1954 வரை நடந்த அந்த லீகில் ஒரு கறுப்பினப் பெண்ணைக்கூடச் சேர்க்கவில்லை ஐயா! பந்தெறியும் பிட்சரான மேமி ஜான்சன் தேர்வுக்குப் போனபோது, எறிந்து காட்டக்கூட விடாமல் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவரும் கோனி மார்கனும் கிளவுன்ஸ் அணிக்குத்தான் வந்தார்கள்.

2020 டிசம்பரில் நீக்ரோ லீகுகளை மேஜர் லீகுகளாக அங்கீகரித்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அது 1920 முதல் 1948 வரைக்கும் மட்டும். மூன்று பெண்களும் அந்தக் கோட்டுக்கு வெளியே. 1948-க்குப் பிறகு லீகின் தரம் இறங்கிவிட்டது என்ற வாதம் புரிகிறது. மனம் ஏற்க மறுக்கிறது. அதிகாரபூர்வ ஏட்டில்தான் அவர்களுக்கு இடமில்லை. நம் பேச்சிலுமா இல்லை?

நண்பரே, அந்த வரியை அழிக்கச் சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே, டோனி ஸ்டோன் இரண்டாம் பேஸில் ஆடினார் என்பதையும் எழுதுங்கள்.