தர்சினியின் நேரசூசி

(திருகோணமலை. பின்னேரம், வீட்டு விறாந்தை. தர்சினி உயர்தரம் உயிரியல் பிரிவு, இரண்டாம் தடவை, மருத்துவபீடம்தான் இலக்கு. மாமா ஆட்டோ ஓட்டுகிறவர். ரியூசனுக்கு ஏற்றிப்போக வந்திருக்கிறார்.)

மாமா: பிள்ளை, வெளிக்கிடு. வகுப்புக்கு நேரமாகிறது.

தர்சினி: பொறுங்கள் மாமா, ஓய்வில் இருக்கிறேன். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. கவனம் சிதறாமல் படிக்கிற முறை இது.

மாமா: நல்லது. இது எத்தனையாவது ஓய்வு?

தர்சினி: முதலாவது.

மாமா: எப்போது தொடங்கியது?

தர்சினி: மத்தியானம், சாப்பிட்ட கையோடு.

மாமா: சரி, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன் என்றாயே, கையில் என்ன?

தர்சினி: அது அம்மாவின் போன்.

(மாமா சுவரைப் பார்க்கிறார். நேரசூசி. கோயில் தேர் கூட இவ்வளவு நிறத்தில் வராது.)

தர்சினி: பச்சை உயிரியல், நீலம் பௌதிகவியல், சிவப்பு இரசாயனவியல்.

மாமா: மஞ்சள்தான் கூட இருக்கிறது. அது?

தர்சினி: நேரசூசி திருத்துகிற நேரம்.

மாமா: வீட்டில் சத்தமென்றால் வெளியே போய்ப் படிக்கலாமே.

தர்சினி: போனேன். கோட்டைக்குள் மரத்தடியில் இருந்தேன். மான் வந்து 2019 இரசாயனவியல் பேப்பரைத் தின்றுவிட்டது.

மாமா: நீ அதைச் செய்து பார்த்திருந்தாயா?

தர்சினி: இல்லை.

மாமா: மானாவது முடித்ததே. அது கிடக்கட்டும், போன கிழமை மாதிரிப் பரீட்சை என்னாச்சு?

தர்சினி: 50 பல்தேர்வில் 11 கேள்விகளை விட்டுவிட்டேன். தெரியாததைத் தொடாதே, பிழைத்தால் புள்ளி கழிப்பார்கள் என்று வீடியோவில் ஒரு சேர் சொன்னார்.

மாமா: எந்த ஊர் சேர்?

தர்சினி: இந்தியா. அங்கே மருத்துவம் படிக்க நீட் என்று ஒரு நுழைவுப் பரீட்சை. 180 கேள்வி, 720 புள்ளி. சரிக்கு நாலு கூடும், பிழைக்கு ஒன்று குறையும்.

மாமா: எங்கள் உயர்தரத்தில் கழிப்பார்களா?

தர்சினி: (மெதுவாக) இல்லை.

மாமா: அப்போ விடைக்கு ஐந்து தெரிவு. கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டிருந்தாலும் 11இல் இரண்டு சரிவந்திருக்குமே! பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்துப் பரீட்சைக்குப் பயந்து இங்கே வெறும் தாள் கொடுத்திருக்கிறாய்.

தர்சினி: விடுங்கள் மாமா. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் முழு இலங்கைத் திறமை, 55 மாவட்டத்துக்கு, மிச்சம் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது.

மாமா: மாவட்டம் பின்தங்கினால் நீயும் துணைக்குப் பின்தங்க வேண்டுமா? அனுமதிக்குப் பார்க்கிற அந்த இசட் புள்ளி, மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தானே போடுகிறார்கள்?

தர்சினி: ஓம்.

மாமா: அப்போ உன் ஓய்வால் எத்தனை பிள்ளைகள் நன்றாக வருவார்கள்! புண்ணியம்தான். ஏறு ஆட்டோவில்.

தர்சினி: போகிற வழியில் போனில் பாடம் கேட்கலாமே...

மாமா: போன் என் சட்டைப்பைக்குள். பாடத்தை நீ எனக்குச் சொல்லு, பார்க்காமல்.

(ஆட்டோ புறப்படுகிறது.)

தர்சினி: இதயத்தில் நாலு அறை. மேலே இரண்டு சோணையறை, கீழே இரண்டு இதயவறை. வலப்பக்கம் முக்கூர் வால்வு, இடப்பக்கம் இருகூர் வால்வு.

மாமா: வால்வு எதற்கு?

தர்சினி: இரத்தம் திரும்பி வராமல் இருக்க. ஒருவழிப் பாதை மாதிரி.

மாமா: எந்தப் பக்கம் சுவர் தடிப்பு?

தர்சினி: இட இதயவறை. உடம்பு முழுவதற்கும் அதுதான் தள்ள வேண்டும். வலது, பக்கத்திலுள்ள நுரையீரலுக்கு மட்டும்தானே.

மாமா: அட! அப்போ நுரையீரலுக்குப் போனது?

தர்சினி: ஒட்சிசன் எடுத்துக்கொண்டு இடச் சோணையறைக்கு... மாமா! வகுப்பு தாண்டிவிட்டது. காளி கோயிலும் போய்விட்டது!

மாமா: பேசாமல் இரு பிள்ளை. அந்த இரத்தத்தை முதலில் கொண்டுபோய்ச் சேர்.